குரைக்காத நாயும் பூட்டிய அறையும்: வாசகர் கேள்வி பதில்

பழைய துப்பறியும் கதைகள் பற்றி வந்த கடிதங்களில் வடசென்னை வாசகர்களுடையதை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். எந்தக் கதையிலும் குற்றவாளி யார் என்று சொல்லவில்லை. கதையின் தந்திரத்தைத் தொட வேண்டிய இடத்தில் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறோம்.

துப்பறியும் கதையைத் தொடங்கி வைத்தவர் எட்கர் ஆலன் போ என்று கேள்விப்பட்டு அவரிடமிருந்தே தொடங்கினேன். முதல் சில பக்கங்களிலேயே நின்றுபோனது. எதிலிருந்து ஆரம்பிப்பது? புத்தகம் வாங்க வசதியில்லை.
கல்லூரி மாணவி, வியாசர்பாடி

நீங்கள் எடுத்தது 1841 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவின் 'கிரஹாம்ஸ் மேகஸின்' இதழில் வந்த 'ரூ மோர்க் கொலைகள்' என்று நினைக்கிறோம். சதுரங்கம், சீட்டாட்டம், ஆராயும் மனம் என்று ஒரு நீண்ட கட்டுரையைத் தாண்டித்தான் அதில் கதைக்குள் போக முடியும். காலத்தால் முதலில் வந்தது என்பதற்காக முதலில் படிக்க வேண்டியதில்லை. கானன் டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் ஒன்றான 'சில்வர் பிளேஸ்' சிறுகதையிலிருந்து தொடங்குங்கள். 1892 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வந்தது. ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

அதைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் நின்று யோசியுங்கள். (கதையின் நடுப்பகுதியைச் சொல்கிறோம், முடிவை அல்ல.) பந்தயக் குதிரை ஒன்று இரவில் லாயத்திலிருந்து காணாமல் போகிறது. காவலுக்கு இருந்த பையனுக்குச் சாப்பாட்டில் அபின் பொடி கலந்திருக்கிறார்கள். அன்றைய சாப்பாடு மசாலா போட்ட ஆட்டுக்கறி. அபின் பொடியின் ருசி சாதாரணச் சாப்பாட்டில் நாக்குக்குத் தெரிந்துவிடும். மசாலாதான் அதை மறைக்கும். போலீஸ் சந்தேகப்படுவதோ அன்று சாயங்காலம் வந்து சேர்ந்த வெளியூர்க்காரனை. அந்த வீட்டில் இன்று என்ன சமையல் என்பதை ஒரு வெளியாள் தீர்மானிக்க முடியுமா? அபின் கொண்டுவந்த நாளும் கறிக்குழம்பு வைத்த நாளும் தற்செயலாக ஒத்துப்போவது நடக்கிற காரியமா? இந்த ஒரு கேள்வியிலேயே சந்தேகம் வெளியிலிருந்து வீட்டுக்குள் திரும்பிவிடுகிறது. இரண்டாவது, லாயத்திலேயே ஒரு நாய் இருந்தும் மேலே பரணில் தூங்கிய பையன்கள் விழிக்கவில்லை. நாய் குரைக்கவில்லை என்பதே அங்கே துப்பு.

கவனியுங்கள், ஆட்டுக்கறியும் நாயும் ஹோம்ஸுக்கு மட்டும் தெரிந்த ரகசியங்கள் அல்ல. உங்கள் கண்ணெதிரேதான் கிடக்கின்றன. நல்ல துப்பறியும் கதைக்கு நாங்கள் வைக்கும் ஒரே அளவுகோல் இதுதான்: துப்பறிபவருக்குத் தெரிந்தது வாசகருக்கும் அதே நேரத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து போவின் 'களவு போன கடிதம்' (1844). அதற்குப் பிறகு வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்'. பெரிய நாவல், பயப்பட வேண்டாம். 1868 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 32 வாரத் தொடராக வந்தது அது. நாளுக்கு ஒரு வாரப் பகுதி என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் முடியும், சலிப்பும் தட்டாது. இவையெல்லாம் காப்புரிமை முடிந்த நூல்கள் என்பதால் கைபேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். அச்சில்தான் வேண்டும் என்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர்.

1925-இல் காசிமேட்டு வீடு ஒன்றில் நடக்கும் 'பூட்டிய அறை'க் கதை எழுதுகிறேன். கொலையாளி வெளியே வந்த பிறகு, கதவுக்கு மேலே உள்ள வென்டிலேட்டர் வழியாக நைலான் நரம்பை விட்டு மேல்தாழ்ப்பாளை இழுத்துப் போடுகிறான். ஜன்னலில் கம்பி இருக்கிறது. சரியாக வருமா?
காசிமேடு வாசகர்

இரண்டு இடத்தில் வராது. முதலாவது, 1925-இல் நைலானே கிடையாது. அது உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1938-இல். மீன்பிடிக்கிற வீட்டில் தங்கூசி இல்லாமல் இருக்குமா என்று இன்றைய கண்ணால் பார்த்துவிட்டீர்கள். உங்கள் காலத்துக்குப் பருத்தி நூல், சணல், பட்டு நூல்தான். பருத்தி நூல் கம்பியில் உரசினால் பிசிறு விட்டுப் போகும். அதையே துப்பாக வைக்கலாம்.

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். மேல்தாழ்ப்பாளின் கம்பி மேலே ஏறி நிலையில் உள்ள துளைக்குள் போக வேண்டும். நூலால் மேலே இழுத்துவிடலாம். ஆனால் குமிழைப் பக்கவாட்டில் திருப்பிக் காடியில் உட்கார வைக்காவிட்டால், நூலை விட்டதும் கம்பி தன் எடையிலேயே கீழே இறங்கிவிடும். திருப்புவதற்கு இன்னொரு நூல் வேண்டும். அது பக்கத்திலிருந்து இழுக்க வேண்டும். வென்டிலேட்டர் நேர் மேலே இருக்கும்போது பக்கவாட்டு இழுவை கிடைக்காது.

கீழ்த்தாழ்ப்பாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது தானாகவே கீழே விழுந்து தரையில் உள்ள குழிக்குள் போகிற சாமான். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவைச் சாத்திய பிறகு விட்டுவிட்டால் போதும். குமிழில் நூலைச் சுருக்குப் போடாமல் இரட்டையாக மாட்டி, இரண்டு முனையையும் வென்டிலேட்டர் வழியாக வெளியே எடுக்க வேண்டும். வெளியே வந்து கதவை இறுகச் சாத்தி, நூலை மெல்லத் தளர்த்தினால் கம்பி இறங்கும். பிறகு ஒரு முனையை விட்டு மறுமுனையை இழுத்தால் நூல் முழுதும் கைக்கு வந்துவிடும். ஐஸ் கட்டியை முட்டுக் கொடுத்து உருக விடுவது பழகிப்போன தந்திரம். எடை தாங்கும்போது ஐஸ் ஒரே சீராக உருகாது, ஒரு பக்கம் வழுக்கி முன்கூட்டியே விழும். எங்கள் யோசனை, ஐஸ் வேண்டாம்.

நூல் தந்திரமும் உங்கள் ஊரில் எளிதில் நடக்காது. அதுதான் உங்களுக்கு லாபம். உப்புக் காற்றில் இரும்புத் தாழ்ப்பாள் துரு ஏறி இறுகியிருக்கும், தானாக விழாது. ஆகவே கொலையாளி முதல் நாளே எண்ணெய் போட்டிருக்க வேண்டும். வீட்டில் எல்லாக் கீலும் கிறீச்சிடுகிறது, ஒரு தாழ்ப்பாள் மட்டும் சத்தமில்லாமல் வழுக்குகிறது. இதை மூன்றாம் அத்தியாயத்தில், வீட்டுக்காரம்மா வேறு எதையோ பேசிக்கொண்டே கதவைத் திறக்கிற வாக்கியத்துக்குள் போட்டுவிடுங்கள். தனி வாக்கியமாகப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். தரைக் குழியிலும் மணல் அடைந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால்தான் கம்பி முழுதும் இறங்கும். வாசலோரம் ஒரு பிடி மணல் கிடந்தால் கடற்கரை வீட்டில் யார் கண்ணுக்கும் படாது. அதனால்தான் அது நல்ல துப்பு. கதை நடக்கும் மாதத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறிக் கதவு நிலையோடு பிடித்துக்கொள்ளும். கம்பியும் குழியும் நேர்கோட்டில் நிற்காது. சித்திரை, வைகாசியில் வையுங்கள்.

கதவை உடைக்கும் காட்சியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தாழ்ப்பாள் உண்மையிலேயே போட்டிருந்தால், உடைத்த பிறகு கம்பி வளைந்திருக்கும், அல்லது திருகாணிகள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும், அல்லது தரைக் குழியின் விளிம்பு பெயர்ந்திருக்கும். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் தாழ்ப்பாள் போடப்படவே இல்லை என்று அர்த்தம். யார் முதலில் உள்ளே நுழைந்தது, யார் தாழ்ப்பாளைப் பார்த்தது என்பதையும் எழுதிவையுங்கள். இரட்டைக் கதவு என்றால் எந்தப் பலகையில் எந்தத் தாழ்ப்பாள் என்று படம் வரைந்து மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

(அடுத்த மூன்று வாக்கியங்களை 'ரூ மோர்க்' படிக்காதவர்கள் தாண்டிவிடலாம். அங்கே ஜன்னல் ஆணி அடித்து மூடியதுபோலத் தெரிகிறது. ஆணி உள்ளே முறிந்திருந்தது என்பதுதான் உண்மை. கண்ணுக்கு முழுதாகத் தெரிந்த பொருளே ஏமாற்றுகிறது என்பதால் அந்தத் தந்திரம் இன்றும் நிற்கிறது.)

உங்கள் வீட்டு ஜன்னலில் நிலையோடு பதித்த கம்பி இருப்பதால் ஐரோப்பியக் கதைகளின் ஜன்னல் வழி உங்களுக்கு அடைபட்டுப் போனது. கவலை வேண்டாம், வேறு வழிகள் உண்டு. ஜான் டிக்சன் கார் 1935-இல் எழுதிய 'த ஹாலோ மேன்' நாவலின் 17-ஆம் அத்தியாயத்தில் துப்பறிபவரே அவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கதவு சாத்துவதற்கு முன்பே காரியம் முடிந்திருக்கலாம். யாரும் உள்ளே போகாமலே நடந்திருக்கலாம். கொலையே அல்லாத ஒன்று கொலைபோலத் தோன்றலாம். எழுத உட்காரும் முன் அந்த அத்தியாயத்தைப் படியுங்கள்.

இன்னொன்று. முதல் அத்தியாயத்திலிருந்து எழுதாதீர்கள். வில்லியம் காட்வின் 1794-இல் வெளியிட்ட 'கேலப் வில்லியம்ஸ்' நாவலின் மூன்றாம் பாகத்தை முதலில் யோசித்துவிட்டுப் பின்னோக்கி வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். குற்றம் நடந்த நேரத்தை நிமிஷக் கணக்கில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவரும் அப்போது எங்கே இருந்தார், அதை யார் பார்த்தார் என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தத் தாள் நிரம்பிய பிறகு கதையைத் தொடங்குங்கள்.

'மூன்ஸ்டோன்' கதையில் கடற்கரை அலை ஏற்றம் இறக்கத்தை வைத்து ஒரு காட்சி வருகிறது. அதையே எண்ணூர் கடற்கரைக்கு மாற்றினால்?
எண்ணூர் வாசகர்

அப்படியே மாற்றினால் நிற்காது. அந்தக் கதை நடக்கும் யார்க்‌ஷயர் கடற்கரையில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே கடல் மட்டம் நான்கைந்து மீட்டர் வரை மாறும். நம் சென்னைக் கரையில் பௌர்ணமி, அமாவாசையில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். காலடித் தடத்தைக் கடல் வந்து அழித்தது என்று எழுத வேண்டுமானால், அலை தொடும் கோட்டுக்கு ஒட்டினாற்போலத் தடம் இருக்க வேண்டும், அல்லது புயல் நாளாக இருக்க வேண்டும்.

'புள்ளிப் பட்டை' கதையில் வரும் பாம்பு நம் நாட்டுப் பாம்பு என்கிறார் டாயில். அப்படி ஒன்று உண்டா?
கொடுங்கையூர் வாசகர்

(படிக்காதவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடவும்.) இல்லை. 1892 பிப்ரவரியில் வந்த அந்தக் கதையின் 'சதுப்பு விரியன்' இந்தியாவில் எங்கும் கிடையாது. பாம்பு பாலை உணவாகக் குடிக்காது. சீழ்க்கைக்குக் கட்டுப்பட்டுத் திரும்பி வராது. தரை அதிர்வையும் தாழ்ந்த ஒலியையும் அது உணரும் என்றாலும் உயர்ந்த சீழ்க்கை ஒலி அதற்கு எட்டுவது கடினம். காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் நாள்கணக்கில் உயிரோடும் இருக்காது. கடித்த பத்து வினாடியில் ஆள் சாவதும் நடக்காது. விரியன் விஷம் ஆளைக் கொல்லப் பெரும்பாலும் மணிக்கணக்காகும்.

நம்மவர் யாராவது இதே கதையைச் சரியாக எழுத விரும்பினால் கட்டுவிரியனைத் தேர்ந்தெடுக்கலாம். இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. சில மணி நேரத்தில் இமை சரியத் தொடங்கி, பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். காயமே தெரியாத மரணம் என்ற புதிர் அதிலேயே இருக்கிறது. ஆனாலும் டாயிலின் கதையை ஒதுக்காதீர்கள். தரையோடு ஆணி அடித்துப் பொருத்திய கட்டிலும், இழுத்தால் மணி அடிக்காத கயிறும் நியாயமாக வைக்கப்பட்ட துப்புகள்.

1890-இல் நடக்கும் கதையில் போலீஸ் கைரேகையை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கலாமா?
பெரம்பூர் வாசகர்

போலீஸ் பிடிப்பதாக எழுதினால் தவறு. கைரேகைப் பதிவகம் கல்கத்தாவில் 1897-இல்தான் வந்தது. ரேகைகளை வகைப்படுத்தி அடுக்கும் முறையை உருவாக்க எட்வர்ட் ஹென்றியோடு அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் உழைத்தார்கள். அந்த இரண்டு பெயர்களும் இன்னும் பரவலாகத் தெரியாமல் இருப்பது வருத்தம். லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அந்த முறை போனது 1901-இல். தனியாள் ஒருவர் ஆர்வத்தில் ரேகை சேகரிப்பதாக 1890-இல் எழுதலாம். மார்க் ட்வெயின் 1894-இலேயே தன் நாவலில் அப்படி ஒரு வக்கீலை வைத்தார். போலி ரேகை என்ற யோசனையைப் பார்க்க ஆஸ்டின் ஃப்ரீமனின் 'சிவப்புக் கட்டைவிரல் தடம்' (1907) படியுங்கள். எழுதும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: கண்ணாடி, பித்தளை, பாலிஷ் போட்ட மரத்தில் ரேகை நன்றாக விழும். துருப்பிடித்த இரும்பிலும் சொரசொரத்த சுவரிலும் எதிர்பார்க்க முடியாது.

ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்த ஆளவந்தார் வழக்கைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னோடியாகப் பழைய கதை ஏதாவது உண்டா?
ராயபுரம் வாசகி

1952 வழக்கு அது. உடல் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கிடைத்தது, தலை உங்கள் பக்கத்துக் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நிறுவியதில் சென்னை மருத்துவர்களின் பரிசோதனைக்கும் கைரேகைப் பதிவுக்கும் பெரிய பங்கு உண்டு.

கதையில் கிட்ட வருவது டாயிலின் 'அட்டைப் பெட்டி' (1893 ஜனவரி). ஒரு பெண்மணிக்குத் தபாலில் வந்த பெட்டியில் கல்லுப்புக்குள் இரண்டு மனிதக் காதுகள். மருத்துவ மாணவர்களின் குறும்பு என்கிறது போலீஸ். ஹோம்ஸ் உப்பைப் பார்க்கிறார். மருத்துவ மாணவனாக இருந்தால் கார்பாலிக் அல்லது ஸ்பிரிட்டில் போட்டிருப்பான், கல்லுப்பு அவன் கைக்கு வருகிற பொருள் அல்ல. பெட்டி கட்டிய கயிறு தார் பூசியது, முடிச்சும் கடலில் வேலை செய்கிறவர்கள் போடுகிற முடிச்சு. இரண்டு காதுகளும் ஒரே ஆளுடையவை அல்ல என்பதையும் பார்த்தவுடனே சொல்லிவிடுகிறார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் நீங்கள், கயிறையும் முடிச்சையும் அவருக்கு முன்பே கண்டுபிடித்துவிட வாய்ப்பு உண்டு.

தமிழில் முதல் துப்பறியும் கதை எது? தாத்தா பெட்டியில் ஜே. ஆர். ரங்கராஜு நாவல் ஒன்று இருக்கிறது. பக்கம் புரட்டினால் ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறது. லேமினேஷன் செய்யலாமா?
பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அம்மா. சூடும் பசையும் ஏறிய பிறகு அதை யாராலும் திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் கூடாது. சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தோடு ஊறிவிடும்.

காகிதம் உதிர்வதற்குக் காரணம் அந்தக் காலத்து மலிவு விலை அச்சுக்குப் பயன்பட்ட மரக்கூழ்த் தாள். அதிலுள்ள அமிலம் நாரை உள்ளிருந்தே அரிக்கிறது. சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். புத்தகத்தை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலிருந்து முதலில் எடுங்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் ஈரம் கக்கும். வெயிலில் காயவைக்காதீர்கள், தாள் இன்னும் நொறுங்கும். அந்துருண்டை வைத்தால் துணியில் முடிந்து, தாளில் படாமல் தள்ளி வையுங்கள். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெளுத்த, சாயமில்லாத பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் படுக்கை வசமாக வையுங்கள்.

அதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். புத்தகத்தை முழுதாக விரிக்காமல், பாதி திறந்த நிலையில் இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். முதலில் அட்டை, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், பின்பக்க விளம்பரங்கள். விளம்பரத்தை விட்டுவிடாதீர்கள். பதிப்பு வருஷம் கிழிந்துபோன புத்தகத்தின் காலத்தை பல நேரம் அதுதான் காட்டிக்கொடுக்கும். பிறகு தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அரிய பதிப்பாக இருந்தால் அங்கே முறையாகப் பாதுகாப்பார்கள்.

முதல் கதை என்ற கேள்விக்கு: பண்டித நடேச சாஸ்திரி 1894-இல் வெளியிட்ட, தானவன் என்னும் போலீஸ் நிபுணனின் கதைகளைத்தான் பொதுவாக முதலில் வைக்கிறார்கள். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908. அவருடைய துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானான். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில நாவலாசிரியர்களைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950-இல் திரைக்கும் வந்துவிட்டார். இவர்களிடம் நியாயமான துப்பு குறைவு, திருப்பம் அதிகம். கதை நடக்கும் வீடும் தெருவும் பேச்சும் நம்முடையவை, அதற்காகவே படிக்க வேண்டும். உங்கள் கையில் உள்ளது எந்த நாவல் என்று எழுதுங்கள்.

ஷெர்லக் ஹோம்ஸைத் தமிழில் மொழிபெயர்த்துப் புத்தகமாகப் போட அனுமதி வாங்க வேண்டுமா? அகதா கிறிஸ்டி?
கொளத்தூர் வாசகர்

ஹோம்ஸுக்கு வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுக்குக் காப்புரிமை. டாயில் மறைந்தது 1930-இல், ஆகவே எப்போதோ முடிந்துவிட்டது. போ, காலின்ஸ், ஃபாதர் பிரவுன் கதைகள் எழுதிய செஸ்டர்டன் (மறைவு 1936) ஆகியோருடையதும் அப்படியே. கிறிஸ்டி 1976-இல் மறைந்தார். அவருடைய நூல்களுக்கு 2036 முடியும்வரை அனுமதி கட்டாயம். முதல் நாவல் 1920-இல் வந்ததாயிற்றே என்று அமெரிக்கக் கணக்கை இங்கே போடாதீர்கள். அங்கே பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டை வைத்துக் கணக்கு, இங்கே ஆசிரியர் மறைந்த ஆண்டை வைத்து.

மூலத்துக்கு உரிமை முடிந்தாலும், வேறொருவர் செய்த தமிழ் மொழிபெயர்ப்புக்கு அவருக்குத் தனி உரிமை உண்டு. பழைய தமிழ்ப் பதிப்பைப் பார்த்துத் திருத்தி வெளியிடாமல் ஆங்கில மூலத்திலிருந்தே நேராகச் செய்யுங்கள். பின்னாள் பதிப்பாளர் சேர்த்த முன்னுரை, குறிப்புகள், ஓவியங்களைத் தொடாதீர்கள். 'ஸ்ட்ராண்ட்' இதழில் சிட்னி பேஜட் வரைந்த படங்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவர் 1908-இலேயே மறைந்துவிட்டார்.